ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உரிமை: எண்ணூர் – பழவேற்காடு மீனவ ஊர்ப் பஞ்சாயத்தின் ஆண்டுப் பணிகள்

ஆய்வுச்சுருக்கம்

வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து பழவேற்காடு ஏரி வரை பரவியுள்ள மீனவக் குப்பங்களில், அரசு உள்ளாட்சி அமைப்புகளுக்குப் புறம்பாக ஊர்ப் பஞ்சாயத்து என்னும் அவை இன்றும் இயங்கி வருகிறது. வரி தண்டுதல், திருவிழா நடத்துதல், கணக்கு ஒப்படைத்தல், மீன்பிடி இடங்களைப் பங்கிடுதல் முதலிய பணிகளை இவ்வவை ஆண்டுச் சுழற்சியில் மேற்கொள்கிறது. இப்பணிகளை நிருவாகக் கடமைகளாக மட்டும் காண்பது போதாது. எழுத்து ஆவணம் இல்லாத நீர்ப்பரப்பின் மீது ஊருக்குள்ள உரிமையை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செயல்களாகவும் அவை அமைகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பாடு என்னும் சுழற்சிமுறைப் பங்கீட்டை மையமாகக் கொண்டு, உத்திரமேரூர்க் கல்வெட்டு, நீர்கொழும்புக் களப்பு, கொச்சிக் கழிமுகம் ஆகியவற்றுடன் ஒப்பிட்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஊர்ப் பஞ்சாயத்து, தலைக்கட்டு, பாடு, எண்ணூர்க் கழிமுகம், பழவேற்காடு, வழக்காற்று உரிமை.

முன்னுரை

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்குமிடத்தை ஒட்டி அமைந்த குடியிருப்பு முகத்துவாரக்குப்பம். ஊரின் பெயரே அதன் வாழ்வாதாரத்தைச் சொல்லிவிடுகிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் வாயில் திறந்திருந்தால்தான் இறால் குஞ்சுகள் உள்ளே வரும். வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும். அந்தப் போக்குவரத்தின் வழியில் வலை கட்டுபவருக்குப் பிழைப்பு நடக்கும். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், எண்ணூர்க்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய அண்டை ஊர்களும் இக்கழிமுகத்தையும் இதை ஒட்டிய கடலையும் சார்ந்தவையே.

ஆட்சி எல்லைப்படி இப்பகுதியில் இன்று சிற்றூர் இல்லை. கத்திவாக்கம் நகராட்சி 2011இல் பெருநகரச் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டதால் எண்ணூர்க் குப்பங்கள் மாநகராட்சி வட்டங்களின் பகுதிகளாயின. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறும் கிராம ஊராட்சிக்கு இங்கு இடமில்லை. ஆயினும் குப்பத்தார் ‘ஊர்’ என்றும் ‘ஊர்ப் பஞ்சாயத்து’ என்றும் வழங்கும் அவை அரசிதழ்களின் அறிவிப்புக்குக் காத்திராமல் தொடர்கிறது. சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத இவ்வவை ஓராண்டில் என்ன செய்கிறது? அப்பணிகள் ஆண்டுக் கணக்கில் அமைந்திருப்பதன் பொருள் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

ஓராண்டுப் பொறுப்பு: ஒரு பழைய முன்மாதிரி

தமிழக உள்ளாட்சி வரலாற்றில் ஆண்டுப் பொறுப்பு என்றதும் நினைவுக்கு வருவன முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முப்பது குடும்புகளிலிருந்து தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. பொறுப்புக் காலம் 360 நாள். கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தவரும், பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியற்றோர்.

இக்கல்வெட்டுகளைத் தற்கால மக்களாட்சியின் முன்னோடி என்று போற்றுவது வழக்கமாகிவிட்டது. அப்பார்வையை இக்கட்டுரை மேற்கொள்ளவில்லை. அது பிராமணர் ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது. நெய்தல் நில ஊர்ப் பஞ்சாயத்து அச்சபையின் வழிவந்தது என்று கூறவும் சான்றில்லை. ஆயினும் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 919இல் வகுத்த விதிகள் இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டன. முன்னதில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு பின்னதில் 35 முதல் 70 வரை என மாறியது. பொதுச் சொத்தைச் சிலர் கைக்குள் நிலைக்கவிடாமல் தடுப்பது எளிதன்று என்பதையே இத்திருத்தம் உணர்த்துகிறது. அதற்குக் கண்ட தீர்வுகள் மூன்று: கால வரையறை, திருவுளச்சீட்டு, கணக்கு ஒப்படைப்பு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், வேறொரு சமூகம் நிலத்துக்கு மாறாக நீரைப் பங்கிடும்போது இம்மூன்றும் மீண்டும் தோன்றுகின்றன.

ஊரும் தலைக்கட்டும்

சோழமண்டலக் கடற்கரையின் பட்டினவர் சமூகத்தில் தலைவர்களும் அவைகளும் இருந்தமையை எட்கர் தர்ஸ்டன் தம் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பில் குறித்துள்ளார். அண்மைக் காலத்தில் மார்டன் பாவிங்க் 2001இல் வெளியிட்ட நூலும், சுனாமி நிவாரணத்தில் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பங்கு பற்றி கோமதி 2006இல் எழுதிய ஆய்வும் இவ்வவையின் இயக்கத்தை நெருங்கிக் காட்டுகின்றன. நாட்டார், தலைவர், பஞ்சாயத்தார் என இடத்துக்கேற்பப் பெயர் மாறும். சில ஊர்களில் பொறுப்பு மரபுவழி வந்தது. பல ஊர்களில் இன்று அது தெரிவுசெய்யப்பட்டுக் காலந்தோறும் மாற்றப்படுகிறது.

இவ்வமைப்பின் அடிப்படை அலகு தலைக்கட்டு. மணமான ஆண் ஒருவர் தனித் தலைக்கட்டாகக் கணக்கில் கொள்ளப்படுகிறார். அவர் ஊருக்கு வரி கொடுக்கிறார். ஊர்க் கூட்டத்தில் பேசும் உரிமை பெறுகிறார். ஊருக்கு வரும் பொது நன்மையில் பங்கு பெறுகிறார். வரியும் பங்கும் ஒரே கயிற்றின் இரு முனைகள். வரி கொடாதவருக்குப் பங்கு கேட்க வாயில்லை; பங்கு மறுக்கப்பட்டவரிடம் வரி கேட்க ஊருக்கு முகமில்லை. தலைக்கட்டுப் பட்டியல் ஒரு மக்கள்தொகைக் கணக்காகவும் வாக்காளர் பட்டியலாகவும் பங்குதாரர் ஏடாகவும் ஒருங்கே அமைகிறது. மணத்தால் புதியவர் சேர்வதும் இறப்பால் பழையவர் நீங்குவதும் ஆண்டுதோறும் நிகழ்வதால் இப்பட்டியலை ஆண்டுதோறும் திருத்தியாக வேண்டும்.

ஓராண்டின் பணிகள்

ஊர்ப் பஞ்சாயத்தின் ஆண்டுப் பணிகளை நான்காக வகைப்படுத்தலாம்.

முதலாவது, வரியும் திருவிழாவும். அம்மன் கோயில் திருவிழாவை ஒட்டித் தலைக்கட்டு வரி விதிக்கப்படுகிறது. விழாச் செலவுக்கு மட்டுமன்றிக் கோயில் பராமரிப்பு, வழக்குச் செலவு, அலுவலகங்களுக்குச் செல்லும் பயணச் செலவு ஆகியவற்றுக்கும் ஊர்ப் பொதுப்பணமே பயன்படுகிறது. விழா முடிந்தபின் ஊர்க் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படுவது முறை. பஞ்சாயத்தாரின் மதிப்பு அந்த ஒரு நாளில் உயரும் அல்லது சரியும். பொறுப்பு மாற்றங்கள் பெரும்பாலும் கணக்கைப் பற்றிய ஐயத்திலிருந்தே தொடங்குகின்றன.

இரண்டாவது, கடலுக்குச் செல்லும் நாளையும் செல்லாத நாளையும் வகுத்தல். முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாமல் சுறாக்கொம்பு நட்டு வழிபட்டமையைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தொழிலை நிறுத்துவது தனியாள் விருப்பம் அன்று, ஊரின் முடிவு என்னும் கருத்து அவ்வளவு பழமையானது. இன்று ஊரில் இறப்பு நேரும்போதும் திருவிழாவின்போதும் ஊர்க் கட்டுப்பாடாகத் தொழில் நிறுத்தப்படுகிறது. இவற்றோடு அரசின் காலக்கணக்கும் சேர்ந்துள்ளது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. தடைக்கால நிவாரணம், சேமிப்பு நிவாரணத் திட்டம் ஆகியவை வந்தபின், யார் மீனவர் என்று சொல்ல வேண்டிய தேவை ஆண்டுதோறும் எழுகிறது.

மூன்றாவது, வலைக்கட்டுப்பாடு. மீன்வளத்தைக் கெடுக்கும் வலை, பிறர் தொழிலைக் கெடுக்கும் வலை, ஊர் ஒற்றுமையைக் கெடுக்கும் வலை என மூவகைக் காரணங்களால் பஞ்சாயத்துகள் சில கருவிகளைத் தடை செய்வதைப் பாவிங்க் எடுத்துக்காட்டுகிறார். 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கடற்கரையில் விசைப்படகினருக்கும் கட்டுமரத்தினருக்கும் இடையே மோதல்கள் நிகழ்ந்த பின்னரே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல்மைல் பாரம்பரிய மீனவர்க்கு ஒதுக்கப்பட்டது. தம் ஊருக்கு நேரெதிரே உள்ள கடல் தம் பொறுப்பில் உள்ளது என்ற குப்பங்களின் கொள்கை அச்சட்டத்துக்கு முற்பட்டது.

நான்காவது பணி மீன்பிடி இடப் பங்கீடு. இக்கட்டுரையின் கருதுகோளுக்கு அடிப்படையாக உள்ளது இதுவே.

பாடு

‘பாடு’ என்ற சொல் இடம், உழைப்பு, நுகர்வு எனப் பல பொருள் தரும். மீனவர் வழக்கில் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட முறையில், ஒருவருக்கு வந்து சேரும் மீன்பிடி வாய்ப்பையே அது குறிக்கிறது. இலங்கைத் தமிழ் மீனவர் ‘கரைவலைப் பாடு’ என்று கூறுவதும் இதனோடு தொடர்புடையதே.

பழவேற்காட்டுப் பாட்டு முறையை 1991இல் உலக உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூவின் ஆய்வும் 2008இல் சாரா கூல்தார்டு வெளியிட்ட கட்டுரையும் விளக்குகின்றன. ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய, இறால் மிகுதியாகக் கிடைக்கும் ஓடைகளில் முளை நட்டு வலை கட்டும் உரிமை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களுக்கு உரியது. இவற்றுள் நடூர் மாதாகுப்பம் கத்தோலிக்க ஊர். சமயம் வேறாயினும் நீரைப் பங்கிடும் முறை ஒன்றே. உரிமையுடைய தலைக்கட்டுகள் குழுக்களாகப் பிரிகின்றன. சீட்டுக் குலுக்கிக் குழுக்களுக்கு இடமும் முறையும் ஒதுக்கப்படுகின்றன. எண்ணூர்க் கழிமுகத்திலும் பாட்டு முறை வழக்கில் இருந்து வந்துள்ளது.

இம்முறையின் நுட்பம், நீரின் இயல்பிலிருந்து பிறந்தது. வயலில் ஒரு குழி நிலம் இவ்வாண்டு விளைந்தவாறே அடுத்த ஆண்டும் ஏறக்குறைய விளையும். ஓடையில் அவ்வாறில்லை. நீரோட்டமும் மணல்திட்டும் இடம் மாறும். நேற்று நல்ல பாடாக இருந்தது இன்று வெறும் சேறாகலாம். இந்நிலையில் இடத்தை நிலையாகப் பிரித்துக் கொடுத்தால் ஒருவர் செழிப்பார், மற்றொருவர் நொடிவார். முறையை மட்டும் பிரித்தால் நல்ல இடமும் வறண்ட இடமும் காலப்போக்கில் எல்லோர் கைக்கும் வந்து போகும். ஆகவே பாட்டு முறையில் எவருக்கும் எந்த இடமும் சொந்தமன்று. முறை வரும் என்ற உறுதி மட்டுமே சொந்தம். அந்த உறுதி குலுக்கல் நடைபெறுவதால் மட்டுமே நிலைக்கிறது. குலுக்கல் நின்றுபோனால், உரிமை இருந்ததைக் காட்டப் பட்டாவோ சிட்டாவோ இராது. நிலவுடைமையாளர் தம் ஆவணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். பாட்டு மீனவரோ தம் ஆவணத்தை மீண்டும் மீண்டும் நிகழ்த்திக் காட்ட வேண்டியவராகிறார்.

அரசு ஏற்ற பாடும் ஏற்காத பாடும்

ஒப்பீட்டுக்கு இரு இடங்கள் துணைபுரிகின்றன. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் ‘கட்டுதெல்’ எனப்படும் முளைவலை மீன்பிடிப்பு, கத்தோலிக்க மீனவர் வாழும் பகுதிகளைச் சார்ந்த நான்கு சங்கங்களின் உறுப்பினர்க்கு உரியது. இடங்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. இவ்வழக்காற்றை இலங்கை அரசு 1958ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் வழி ஏற்றது. ஊரார் வகுத்த விதி, அரசின் விதியாகவும் ஆயிற்று. கேரளத்தில் கொச்சிக் கழிமுகத்தின் வல்லார்பாடம் தீவில் பாட்டு முறையை ஆராய்ந்த லோபும் பெர்க்ஸும் (2004), முளைவலைச் சங்கங்கள் பழைய வழக்காற்றைக் காலத்துக்கேற்ப மாற்றிப் புத்துருவாக்கியதைப் பதிவு செய்துள்ளனர்.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் இத்தகைய ஏற்பு நிகழவில்லை. இங்கு நீர்ப்பரப்பு பற்றிய அடிப்படைச் சட்டம் 1905ஆம் ஆண்டுச் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம். கடல், துறைமுகம், கழி ஆகியவற்றின் படுகைகளையும் ஆறு, ஏரி, கால்வாய் முதலியவற்றையும் அரசின் சொத்து என்று அது அறிவிக்கிறது. ஆயினும் அப்பிரிவே, சட்டப்படி நிலைத்திருக்கும் வழக்காற்று உரிமைகளை விலக்காகப் பாதுகாக்கிறது. இரண்டாம் பகுதி பெரும்பாலும் மறக்கப்பட்டது. நிருவாக வழக்கில் ‘புறம்போக்கு’ என்ற ஒரு சொல்லே எஞ்சியது.

இம்மறதியின் விளைவு எண்ணூரில் வெளிப்படையாகத் தெரிகிறது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும் 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்தது. சாம்பல் கழிவு, கொதிநீர், கரையடைப்பு ஆகியவற்றால் கழிமுகத்தின் ஆழமும் நீரோட்டமும் மாறின. சாம்பல் கழிவால் ஏற்பட்ட சீர்கேடு குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் தீர்ப்பளித்தது. இத்திட்டங்களுக்கு இடம் ஒதுக்கிய கோப்புகளில் கழிமுகம் ஆளில்லா நீர்ப்பரப்பாகவே தோற்றமளித்தது. அந்நீரில் யார், எந்த முறையில், எந்த ஓடையில் வலை கட்டினர் என்ற செய்தி ஊர்க் கூட்டத்தின் நினைவிலும் பஞ்சாயத்தாரின் நோட்டுப் புத்தகத்திலும் மட்டுமே இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் பரவியபோது இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு ரூ.12,500, படகுப் பழுதுக்கு ரூ.10,000 என மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. குடும்பம், படகு என்ற இரு அலகுகளும் எண்ணுவதற்கு எளியவை. அவசரகாலத்தில் அவற்றைக் கொள்வது இயல்பே. ஆனால் பாட்டு முறையில் இழப்பின் அலகு வேறு. எண்ணெய் படிந்த வாரங்களில் எக்குழுவின் முறை கெட்டதோ அக்குழுவின் இழப்பு மற்றவர் இழப்பைப் போன்றதன்று. படகு இல்லாமலே ஓடையில் இறங்கிக் கையால் இறால் பிடிப்போரின் இழப்பு வேறொன்று. சேறு எண்ணெயை உறிஞ்சிவிட்டால் அடுத்தடுத்த முறைகளும் கெடும். ஆண்டுச் சுழற்சியில் அமைந்த உரிமையை ஒருநாள் கணக்கெடுப்பால் அளக்க முடிவதில்லை.

உள்முரண்கள்

ஊர்ப் பஞ்சாயத்தைக் குறையற்ற பொதுமை அமைப்பாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தலைக்கட்டு என்பது மணமான ஆணைக் குறிக்கிறது. மீன் விற்கும் பெண்களின் வருவாயில் குடும்பம் நடந்தாலும் அவையில் அவர்களுக்கு இடமில்லை. பட்டினவரல்லாத மீன்பிடிப்போர் பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பழவேற்காட்டில், இறால் ஏற்றுமதியால் விலை உயர்ந்த காலத்தில், பாட்டுரிமை இல்லாத ஊர்கள் அவ்வுரிமையைக் கேள்விக்கு உட்படுத்தியதும் பூசல்கள் எழுந்ததும் கூல்தார்டின் ஆய்வில் காணப்படுகின்றன. உரிமையுடைய ஊர்கள் ‘மரபு’ என்றன; மற்றவை ‘ஏரி எல்லோருக்கும் பொது’ என்றன. இரு தரப்பும் உண்மையையே பேசின.

ஊர்க் கட்டுப்பாட்டை மீறியோர்மீது விதிக்கப்படும் தண்டமும் விலக்கும் அரசமைப்பு வழங்கும் தனியாள் உரிமையோடு மோதுவதும் உண்டு. உத்திரமேரூர்ச் சபையின் குடத்தில் யார் பெயர் இடப்பட்டது என்பது எவ்வளவு இன்றியமையாத வினாவோ, குப்பத்துச் சீட்டில் யார் பெயர் எழுதப்படவில்லை என்பதும் அவ்வளவு இன்றியமையாதது. குலுக்கல் நேர்மையாக நடைபெறலாம். ஆயினும் யார் பெயரை எழுதுவது என்பதைக் குலுக்கல் முடிவு செய்வதில்லை. வழக்காற்று உரிமையைச் சட்டம் ஏற்கும்போது இவ்விலக்குகளையும் சேர்த்தே உறையவைத்துவிடும் இடர் உள்ளது. ஆண்டுதோறும் திருத்தத்தக்க பட்டியல் என்ற தன்மையே இதற்கு மாற்றாக அமையலாம். 921இல் ஒரு சபை தன் விதியைத் தானே திருத்தியது. அத்தகைய திருத்தம் குப்பங்களிலும் இயலாததன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

மீனவ ஊர்ப் பஞ்சாயத்தின் வரி, விழா, கணக்கு, பங்கீடு ஆகிய ஆண்டுப் பணிகள் தனித்தனியானவை அல்ல. தலைக்கட்டுப் பட்டியல் அவை அனைத்தையும் இணைக்கிறது.

பாட்டு முறையில் உரிமை இடத்தின்மீது அமையாமல் முறையின்மீது அமைகிறது. ஆண்டுதோறும் நிகழும் பங்கீடே அவ்வுரிமையின் சான்று.

நீர்கொழும்பில் அரசு ஏற்ற இத்தகைய வழக்காறு எண்ணூர்–பழவேற்காட்டில் ஏற்கப்படாமையால், தொழில்திட்டங்கள் கழிமுகத்தை ஆளில்லா இடமாகக் கருத வழி ஏற்பட்டது.

சட்டத்தில் வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. 1905ஆம் ஆண்டுச் சட்டம் வழக்காற்று உரிமைகளுக்கு விலக்களிக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீனவக் குடியிருப்புகளையும் அவர்களுடைய பொதுச் சொத்துகளையும் வரைபடத்தில் காட்டுமாறு பணித்தது. வரைபடத்தில் குறிக்கச் சான்று வேண்டும். அச்சான்று ஊர்ப் பஞ்சாயத்துகளின் வரவு செலவு நோட்டுகளிலும் தலைக்கட்டுப் பட்டியல்களிலும் பாட்டுக் குறிப்புகளிலும் உள்ளது. கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் தேடிப் பதிப்பித்த தமிழாய்வுலகம் இந்நோட்டுப் புத்தகங்களை இதுவரை ஆவணங்களாகக் கருதவில்லை. கல்லில் வெட்டியது ஆயிரம் ஆண்டு நிற்கும். உப்புக்காற்றில் இருக்கும் தாள் முப்பது ஆண்டும் நிற்பது அரிது. ஊராரின் இசைவோடு அவற்றைப் படியெடுத்துப் பாதுகாப்பது வடசென்னைக் கடற்கரை வரலாற்றாய்வின் உடனடிப் பணியாகும். முகத்துவாரம் மணலால் அடைபடும் ஆண்டில் பாடு நின்றுபோகலாம். அதுவரை பாடு நடந்தது என்பதற்கான சான்றும் அதனோடு மறைந்துபோக விடலாகாது.